பிரிஸ்கெட்டுக்கு ஏன் பன்னிரண்டு மணி நேரம்?

போன கோடையில் மனைவியின் அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தார். ஒரு சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர், நான் கரியைக் கிளறிக்கொண்டிருப்பதைக் கண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, இப்பவே அடுப்பா?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தை."

"மாட்டெறச்சிதானே? குக்கர்ல எட்டு விசில் விட்டா வெந்துராதா?"

நியாயமான கேள்வி. வெந்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி வெந்து வருவது வேறு பண்டம். ஏன் வேறு என்று அன்று தூக்கக் கலக்கத்தில் நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டின் நகருக்கு வடக்கே. புகையில் வாட்டிய பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, இந்த வட்டாரத்தின் சாப்பாடு. உப்பு, மிளகு, விறகுப் புகை, நேரம் என்று நாலே பொருள்தான். முதல் மூன்றும் யாருக்கும் கிடைக்கும். நாலாவதை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

மாட்டில் இது எந்த இடம்?

முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில், நெஞ்சுப் பக்கம் இருக்கும் சதைதான் பிரிஸ்கெட். ஆட்டுக்கறிக் கடையில் மார்க்கண்டம் என்று கேட்டு வாங்குவோமே, ஏறக்குறைய அதே இடம். நமக்கு இருப்பதுபோல மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்காலை உடம்போடு பிணைத்திருப்பது எலும்பு மூட்டு அல்ல, வெறும் தசைதான். மாடு நிற்கும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் இறங்குகிறது. அதனால் இந்தச் சதைக்கு ஓய்வே இல்லை. மாடு நின்றாலும் நடந்தாலும் படுத்து எழுந்தாலும் இதற்கு வேலை உண்டு. வேலை செய்கிற சதையில் சவ்வும் நாரும் அதிகம், ருசியும் அதிகம். உட்கார்ந்து தின்கிற முதுகுச் சதை மெத்தென்று இருக்கும், ஆனால் இந்த ஆழம் அதற்கு வராது.

முழு பிரிஸ்கெட் ஒன்று ஐந்து முதல் ஏழு கிலோ வரை இருக்கும். அதில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். தட்டையாக, கொழுப்புக் குறைவாக இருப்பதை ஃப்ளாட் என்பார்கள். அதன் ஒரு முனையில் திமில்போல மேலேறி நிற்கும் கொழுத்த பகுதி பாயிண்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொழுப்பு வரப்பு ஓடும். இரண்டிலும் நார் வேறு வேறு திசையில் போகும், இதை மறந்துவிடாதீர்கள். வெட்டும்போது இதை வைத்துத்தான் உயிர் போகும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இறைச்சியில் நமக்குத் தேவையான சங்கதி இரண்டு. ஒன்று, தசை நார். இன்னொன்று, அந்த நார்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றியிருக்கும் சவ்வு. சூட்டுக்கு இரண்டும் எதிர்மாறாக நடந்துகொள்கின்றன. பிரிஸ்கெட்டின் முழு ரகசியமும் அந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது.

தசை நார் சீக்கிரம் வெந்துவிடும். 50 டிகிரி செல்சியஸிலேயே இறுகத் தொடங்கி, 70 டிகிரிக்குள் நன்றாகச் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஸ்டேக் சாப்பிடுகிறவர்கள் 55 டிகிரியில் எடுத்துவிடுவதும், 71 டிகிரியைத் தாண்டினால் 'செருப்புத் தோல்' என்று முகம் சுளிப்பதும் இதனால்தான்.

சவ்வின் கதை வேறு. அது பெரும்பாலும் கொலாஜன் என்கிற புரதம். ஆட்டுக்கால் பாயா வைத்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. விடிய விடியக் கொதித்த கால் சூப்பைக் குடித்தால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் அல்வா மாதிரி கட்டியாக நிற்கும். அந்த ஒட்டலும் கட்டியும் ஜெலட்டின். காலில் விறைப்பாக இருந்த கொலாஜன்தான் சூட்டிலும் ஈரத்திலும் நெடுநேரம் கிடந்து அப்படிக் கரைந்திருக்கிறது. பிரிஸ்கெட்டுக்குள் நடப்பதும் இதேதான். ஒரே வித்தியாசம், வெளியே தண்ணீர் இல்லை. இறைச்சி தன் சொந்த ஈரத்திலேயே தனக்குள் பாயா வைத்துக்கொள்கிறது.

கொலாஜன் கரைவதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லத் தொடங்கும், 80, 90 என்று ஏற ஏற வேகம் பிடிக்கும். அப்படியானால் 75 டிகிரியில் இருக்கும் பிரிஸ்கெட்டை நினைத்துப் பாருங்கள். நார் சுருங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டது. சவ்வோ இன்னும் கரையவில்லை. இறைச்சியின் வாழ்க்கையிலேயே மிக மோசமான நேரம் இதுதான். 'வெந்துவிட்டது' என்று தெர்மாமீட்டர் சொல்லும், பல் சொல்லாது.

என் முதல் பிரிஸ்கெட்டை நான் சரியாக இங்கேதான் கொன்றேன். ஆறு நண்பர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள், மணி எட்டு, குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டன. உள்ளே 78 டிகிரி காட்டியது. போதும் என்று எடுத்து வெட்டினேன். கத்தி ரம்பம்போல் இழுபட்டது. ஒரு நண்பர் பத்து நிமிடம் மென்றுவிட்டு, "டேஸ்ட் சூப்பர் பாஸ்" என்றார், விழுங்காமல். அன்றிரவு அது குக்கருக்குள் போய்க் குழம்பாகத்தான் வெளியே வந்தது. அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். 93 முதல் 96 டிகிரிக்குப் போகும்போது சவ்வு கரைந்து, நார்க்கட்டுகள் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கும். இழந்த தண்ணீர் திரும்பி வராது. ஆனால் அதன் இடத்தில் உருகிய கொழுப்பும் ஜெலட்டினும் நின்றுகொண்டு, கணக்குப்படி காய்ந்துபோயிருக்க வேண்டிய இறைச்சியை வாயில் வழுக்க வைக்கும்.

மண்பானையும் ஸ்டாலும்

புதிதாகச் செய்கிறவர்களைக் கலங்கடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அடுப்பில் ஏற்றிய முதல் நான்கைந்து மணி நேரம் உள்சூடு ஜம்மென்று ஏறிக்கொண்டே போகும். 65 டிகிரியைத் தாண்டி 70ஐ நெருங்கும்போது திடீரென்று நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே எண். இரண்டு மணி நேரம் கழித்தும் அதே. சில சமயம் ஒரு டிகிரி கீழே வேறு இறங்கும். அடுப்பு அணைந்துவிட்டதா, தெர்மாமீட்டர் பழுதா என்று கைகால் உதறும். இதை இங்கே ஸ்டால் என்பார்கள், வண்டி மக்கர் பண்ணி நின்றுவிடுவதுபோல.

காரணம் நம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் நுண்துளை வழியே கசிந்த நீர் வெளியே ஆவியாகும்போது பானையிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் சித்திரை வெயிலிலும் உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கிறது. பிரிஸ்கெட்டும் அப்படித்தான் வேர்க்கிறது. உள்ளிருந்து பிழிபடும் நீர் மேல்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. அடுப்பு கொடுக்கிற சூடும், ஆவி பறித்துப் போகிற சூடும் சமமாகிவிட்டால் எண் அசையாது.

கொலாஜன் கரைவதில் சூடு செலவாகிறது, அதனால்தான் நிற்கிறது என்று முன்பு பலர் நம்பினார்கள். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் இதை எளிமையாகச் சோதித்தார். சூடான அடுப்பில் ஒரு பக்கம் ஈரமான ஸ்பான்ஜ், மறுபக்கம் ஒரு கொழுப்புக் கட்டி. ஸ்பான்ஜில் கொலாஜனும் இல்லை, ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும்தான். அது பிரிஸ்கெட் மாதிரியே நடுவழியில் நின்றது. ஈரமில்லாத கொழுப்பு நிற்காமல் ஏறிப் போய்விட்டது. விஷயம் முடிந்தது.

காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியமும் தெரிந்துவிடும். ஒன்று, சும்மா இருப்பது. மேல்பரப்பு காய்ந்ததும் ஆவியாக ஒன்றும் மிஞ்சாது, எண் தானாக ஏறும். அடுப்பைக் கூட்டித் துரத்தாதீர்கள். அல்லது, வேர்வையை அடைப்பது. அலுமினிய ஃபாயிலில் இறுக்கிச் சுற்றிவிட்டால் ஆவி வெளியேற வழியில்லை, சூடு சரசரவென்று ஏறும். இதை 'டெக்சாஸ் ஊன்றுகோல்' என்று இங்கே கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் சுற்றித்தான் வைக்கிறார்கள். ஃபாயிலில் ஒரு குறை உண்டு, மேலே கட்டிய மொரமொரப்பு ஊறிப் பிசுபிசுத்துவிடும். அதற்குத்தான் கசாப்புக் கடைக்காரர்கள் பொதிந்து கொடுக்கும் பழுப்புக் காகிதம், புட்ச்சர் பேப்பர். கொஞ்சம் மூச்சு விடும், கொழுப்பை உறிஞ்சி மேலே பூசிக்கொண்டு நிற்கும். மெழுகு பூசிய காகிதமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் குக்கர்?

இப்போது அத்தைக்குப் பதில் சொல்லலாம். குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகும், அதுவும் முழுக்க ஈரச்சூடு. ஒரு மணி நேரத்துக்குள் கொலாஜன் கரைந்துவிடும். கரைந்த ஜெலட்டினும் கொழுப்பும் சாற்றோடு கலந்து போகும், நார் தும்பு தும்பாகப் பிரிந்து நிற்கும். குழம்புக்கு இது பிரமாதம், ஏனென்றால் அந்தச் சாற்றையும் நாம் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறோம். பிரிஸ்கெட்டில் ஊற்ற எதுவும் இல்லை. சாறு முழுக்கத் துண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், துண்டோ கையில் தூக்கினால் பிய்யாமல் தொங்க வேண்டும். மேலே கறுப்பாகக் காய்ந்த ஓடு வேண்டும், அது உலர்ந்த சூட்டில்தான் வரும். புகையும் குக்கருக்குள் நுழையாது.

மின்சார ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் வைப்பவர்களும் உண்டு. அதுவும் ஈரச்சூடுதான். நன்றாக இருக்கும், ரொட்டிக்குள் வைத்துத் தின்னலாம், ஆனால் பார்பிக்யூ என்று பெயர் சொல்லி டெக்சாஸ்காரர் முன்னால் வைக்க நான் துணிய மாட்டேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் லாக்ஹார்ட் என்று சின்ன ஊர். டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே பட்டம் கொடுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டவர்களும் கசாப்புக் கடை வைத்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் போட்டு வைத்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதைச் சூடாக வாங்கி, பொதிந்த காகிதத்திலேயே வைத்துக் கையால் தின்றார்கள். இன்றும் இங்கே தட்டு வைக்கும் வழக்கம் குறைவு. டிரேயில் காகிதம் விரித்து, எடை போட்டு, கூட வெள்ளை ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். ஜெர்மானியர் கதையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். குழி தோண்டித் தணலில் இறைச்சி வாட்டும் கலையைத் தெற்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து வளர்த்தவர்கள் கறுப்பினச் சமையல்காரர்கள். குழிக்குள் இறைச்சியை வைத்து மூடி வேகவைக்கும் மெக்சிகோக்காரர்களின் பார்பகோவாவும் இதே மண்ணில்தான் இருந்தது.

லாக்ஹார்ட்டில் க்ரூஸ் மார்க்கெட் என்ற பார்பிக்யூ கடை 1900இல் தொடங்கியது. 1999இல் குடும்பத்தில் கட்டடம் சகோதரியிடமும் தொழில் சகோதரரிடமும் போக, கடை வேறு இடத்துக்கு மாறியது. அப்போது பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் போட்டுத் தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். அணையா விளக்கு ஏற்றுவதுபோல! அதே ஊரில் பிளாக்ஸ் என்ற கடை 1932இலிருந்து நடக்கிறது. லெக்சிங்டன் என்ற சிற்றூரில் ஸ்னோஸ் கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்ட டூட்ஸி டோமனெட்ஸ் 1935இல் பிறந்தவர், எண்பது வயதைக் கடந்தும் நடுராத்திரியில் மண்வெட்டியால் தணல் அள்ளிப் போட்டவர். ஆஸ்டினில் ஆரன் ஃப்ராங்க்ளின் 2009இல் ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கிய கடைக்குக் காலையிலிருந்தே வரிசை நிற்கும். 2015இல் அவருக்கு, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. பிரிஸ்கெட்டை உலகம் திரும்பிப் பார்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் செய்வது

இந்த ஊர்க் குறிப்புகளில் 225, 250 என்று போட்டிருப்பார்கள், பயப்படாதீர்கள், அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் 107, 121. நான் 120இல் வைப்பேன். அதற்குக் கீழே போனால் நேரம்தான் விரயம் என்பது என் அனுபவம்.

முதன்முறை செய்கிறவர்கள் முழு பிரிஸ்கெட்டே வாங்குங்கள் என்பேன். மலிவாக இருக்கிறதே என்று வெறும் ஃப்ளாட் வாங்கினால் காய்ந்துபோக எல்லா வாய்ப்பும் உண்டு. அமெரிக்காவில் வேளாண்துறைத் தரம் அட்டையில் இருக்கும், பிரைம் அல்லது சாய்ஸ் எடுங்கள், செலக்ட் வேண்டாம். சதைக்குள் வெள்ளை இழையாக ஓடும் கொழுப்புதான் காசு. தூக்கிப் பார்த்தால் இரு பக்கமும் மடிந்து தொங்க வேண்டும், பலகை மாதிரி நிற்கக் கூடாது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மாட்டுக்கறி பெரும்பாலும் கொழுப்புக் குறைந்தது. அதில் செய்வதானால் தொடக்கத்திலிருந்தே மூடி, கொஞ்சம் சாறு ஊற்றி வேகவைப்பதே புத்திசாலித்தனம்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, கொழுப்பைச் சீவிவிட வேண்டும். இளகிவிட்டால் கத்திக்கு வழுக்கும். மேல்கொழுப்பை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு விட்டுவிட்டு மீதியை எடுங்கள். பாயிண்டுக்கும் ஃப்ளாட்டுக்கும் இடையில் கெட்டியாக, மெழுகுக் கட்டிபோல் ஒரு கொழுப்பு இருக்கும். அது எத்தனை மணி நேரம் வைத்தாலும் உருகாது, தோண்டி எடுத்துவிடுங்கள். மெல்லிய ஓரங்களையும் வெட்டி வளைவாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவைதான் முதலில் கருகும். ஆறு கிலோவில் ஒரு கிலோவாவது கழிவில் போகும். மனசு வலிக்கும். அந்தக் கொழுப்பைச் சின்னச் சட்டியில் உருக்கி வையுங்கள், உருளைக்கிழங்கு வறுக்க அதைவிட நல்லது கிடையாது.

மசாலா? உப்பும் கொரகொரப்பாக உடைத்த மிளகும். கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்பு போதும். மிளகைக் கண்ணுக்கு மதிப்பாக, மேல்பரப்பு முழுக்க ஒட்டும்படி தூவுங்கள். இஞ்சி பூண்டு விழுதைப் பூசலாமா என்று நம்மவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். பூசினேன், ஒருமுறை. ஈரவிழுது பத்து மணி நேரத்தில் கருகிக் கசந்தது. வேண்டுமானால் பூண்டுப் பொடி போடுங்கள்.

ஓவனில் வைப்பதானால் ட்ரேயில் கம்பி அடுக்கு வைத்து, அதன்மேல் கொழுப்புப் பக்கம் மேலே பார்க்க வைத்து, 120 டிகிரியில் மூடாமல் விடுங்கள். கீழ்த்தட்டில் ஒரு பாத்திரம் தண்ணீர். புகை இருக்காது. உப்பில் கொஞ்சம் புகையூட்டிய பாப்ரிகா மிளகாய்ப்பொடி கலந்தால் ஓரளவு நிழலாவது தெரியும்.

புகை வேண்டுமென்றால் பெரிய இரும்பு ஸ்மோக்கர் வாங்கத் தேவையில்லை. வெபர் கம்பெனி அடுப்பு மாதிரி, மூடி போட்ட உருண்டையான கரி அடுப்பு போதும். கரிக்கட்டிகளை உள்விளிம்பை ஒட்டி இரண்டிரண்டாக, பாம்பு சுருண்டு கிடப்பதுபோல் முக்கால் வட்டத்துக்கு அடுக்குங்கள். மேலே கைப்பிடி அளவு ஓக் மரத்துண்டுகள் ஐந்தாறு. ஒரு முனையில் மட்டும் பத்துத் தணல் வைத்தால் சாம்பிராணி வத்திபோல் மெதுவாக நகர்ந்து நகர்ந்து எரியும். நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே இறைச்சி, மூடியின் காற்றுத்துளை நெருப்புக்கு எதிர்ப்பக்கம். காற்றுத் துளையைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை நிறுத்தக் கற்றுக்கொள்ள ஒரு நாள் ஆகும். முதல் நாளே பிரிஸ்கெட் வைக்காமல் ஒரு கோழியில் பழகிக்கொள்ளுங்கள்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகக் குமுறி வருகிறதே, அது நல்ல புகை இல்லை. ஈர விறகை அடுப்பில் திணித்துவிட்டு ஊதாங்குழலோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், கண்ணும் எரியும் சோறும் நாறும். காய்ந்த விறகு, போதுமான காற்று, அடிப்படையில் இவ்வளவே. அப்போது புகை இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி மெல்லிய நீலமாக வரும். வெட்டிய துண்டின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அது வேகாத இறைச்சி இல்லை. நெருப்பிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் நிறமியைப் பிடித்துக்கொண்டு சிவப்பு மாறாமல் வைத்திருக்கின்றன. பார்க்க அழகு, ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஐந்தாறு மணி நேரத்தில் மேல்பக்கம் கறுத்து ஓடு கட்டியிருக்கும், நகத்தால் கீறினால் உதிராது. அப்போது உள்சூடு 70, 74 டிகிரிக்குள் இருக்கும். இதுதான் சுற்றும் நேரம். சுற்றிவிட்டால் அதற்குமேல் புகை உள்ளே போகாது. ஆகவே கரி அடுப்போடு போராடுவதை நிறுத்திவிட்டு, பொட்டலத்தை அப்படியே ஓவனுக்கு மாற்றிவிடுங்கள். சூடு எங்கிருந்து வருகிறது என்று இறைச்சிக்குத் தெரியாது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் சுத்த வைதீகர்கள் உண்டு. அவர்களுக்கு ராத்திரி முழுக்க முழித்திருக்க நேரம் இருக்கிறது, எனக்கு இல்லை.

எப்போது எடுப்பது? 93இல் இருந்து குத்திப் பார்க்கத் தொடங்குங்கள். ஃப்ளாட்டின் கனமான இடத்தில் தெர்மாமீட்டர் ஊசியை இறக்கினால், நன்றாக வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல் தடையில்லாமல் போக வேண்டும். சில துண்டு 92இலேயே இளகும், சில 98 வரை அடம்பிடிக்கும். எண் ஒரு கைகாட்டிதான். மொத்தம் பத்து முதல் பதினாலு மணி நேரம் ஆகலாம். 'கிலோவுக்கு இத்தனை மணி' என்ற வாய்ப்பாட்டை நம்பி விருந்தாளிக்கு நேரம் சொல்லாதீர்கள். வேகும் நேரத்தை எடை அல்ல, கனம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூன்று மணி நேரம் முன்னதாகவே முடிகிற மாதிரி தொடங்குங்கள், சீக்கிரம் முடிந்தால் ஆபத்தே இல்லை. ஏன் என்பது அடுத்து.

ஓய்வும் கத்தியும்

அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டினால் சாறு பலகையில் ஓடும். பத்து நிமிடம் பிரித்து வைத்து ஆவியை விடுங்கள், இல்லாவிட்டால் பொட்டலத்துக்குள் மேலும் வெந்து குழைந்துவிடும். பிறகு மறுபடி சுற்றி, பழைய துண்டு இரண்டில் பொதிந்து, ஐஸ்பெட்டியில் ஐஸ் போடாமல் வைத்து மூடுங்கள். குளிரைக் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும். குறைந்தது ஒரு மணி நேரம், இரண்டு மூன்று என்றால் இன்னும் நல்லது. உள்ளே ஜெலட்டின் கெட்டிப்பட்டுச் சாற்றைப் பிடித்துக்கொள்ளும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், அதற்குக் கீழே நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். 65 அளவில் இருக்கும்போது வெட்டுவது எனக்குப் பிடிக்கும்.

நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் பன்னிரண்டு மணி நேர உழைப்பும் கயிறு மெல்வதுபோல் ஆகிவிடும். முதலில் சொன்னேனே, இரண்டு தசையிலும் நார் வேறு திசை. அதனால் ஃப்ளாட்டை வெட்டிக்கொண்டே வந்து பாயிண்ட் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மீதியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து வெட்டுங்கள். பென்சில் கனம் போதும். ஒரு துண்டை எடுத்து விரலின்மேல் போடுங்கள். இரு பக்கமும் மடிந்து தொங்க வேண்டும், உடையக் கூடாது. மெல்ல இழுத்தால் பிரிய வேண்டும். மடிக்கும்போதே உடைந்தால் கூட வெந்துவிட்டது, மீதியைக் கொஞ்சம் தடிமனாக வெட்டுங்கள். இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டால் போதவில்லை, மெல்லியதாக வெட்டுங்கள். விருந்தாளிகளுக்குத் தெரியாது.

அத்தைக்கு முதலில் ஃப்ளாட்டில் ஒரு துண்டு கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, "உப்பு கொறவு" என்றார். பாயிண்டிலிருந்து ஓரத்துக் கறுப்பு ஓட்டோடு ஒன்று கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொன்று எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கொஞ்சம் ரசமும் சோறும் கொண்டுவந்து அதோடு சாப்பிட்டார். இந்தப் பக்கத்துக் கடைகள் சிலவற்றில் சாஸ் கேட்டாலே முறைப்பார்கள். ரசத்துக்கு என்ன சொல்வார்களோ தெரியாது, எனக்குப் பிடித்திருந்தது. கொழுப்பை அந்தப் புளிப்பும் மிளகும் சரியாக அறுத்துக்கொண்டு போகிறது.

ஆறு கிலோ வாங்கினால் கடைசியில் தட்டுக்கு வருவது மூன்று கிலோ அளவுதான், பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காணும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள், வெட்டிய துண்டு கால் மணி நேரத்தில் காற்றில் கறுத்துக் காய்ந்துவிடும். மிச்சத்தை முழுசாகவே குளிர்பெட்டியில் வையுங்கள். பொட்டலத்துக்குள் தேங்கிய சாற்றையும் ஒரு டப்பாவில் ஊற்றி வையுங்கள். மறுநாள் கட்டியாகிவிட்ட அந்தச் சாற்றில் ஒரு கரண்டி எடுத்துத் துண்டுகளின்மேல் வைத்து, ஃபாயிலால் மூடி, 120 டிகிரி ஓவனில் அரை மணி நேரம். மைக்ரோவேவில் வைக்க வேண்டாம்.